வாசகர் கேள்வி, பல் வைத்தியர் பதில்: அச்சிட்ட சாரக்கட்டில் எலும்பு வளருமா?

முப்பரிமாண அச்சு முறையில் எலும்பையும் பல்லையும் மீள வளர்ப்பது பற்றி அண்மைக் காலத்தில் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விடயத்தைச் சுற்றியே அவை அமைந்திருப்பதால், இந்த இதழில் வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கீழ்த் தாடையின் கடைவாய்ப்பல் ஒன்றைக் கழற்றிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது இம்பிளான்ட், அதாவது எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கைப் பல், வைப்பதற்கு எலும்பு போதாது என்கிறார்கள். "முப்பரிமாண அச்சு முறையில் எலும்பு வளர்ப்பு" என்று ஒரு தனியார் கிளினிக்கின் விளம்பரத்தில் பார்த்தேன். எலும்பை இயந்திரத்தில் அச்சடித்துத் தாடையில் பொருத்த முடியுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அச்சு இயந்திரத்திலிருந்து வெளிவருவது எலும்பு அன்று; எலும்பு வளர்ந்து ஏறுவதற்கு இடம் தரும், நுண்துளைகள் நிறைந்த ஒரு சாரக்கட்டு. புடலங்கொடிக்குப் பந்தல் போடுகிறோம்; கொடியை வளர்ப்பது மண்ணும் நீரும்தான். இங்கும் அப்படியே, எலும்பை உண்டாக்கும் வேலை முழுவதும் உங்கள் இரத்தக் குழாய்களுக்கும் கலங்களுக்கும் உரியது.

உங்கள் எலும்பு ஏன் குறைந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்லைத் தாங்கும் எலும்பு, பல் இருக்கும் வரைதான் தன் அளவைக் காத்துக்கொள்ளும். முன்கடைவாய்ப் பற்களும் கடைவாய்ப் பற்களும் கழற்றப்பட்ட இடங்களை ஓராண்டு காலம் அளந்து 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், எலும்பு முகட்டின் அகலம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நிகழ்ந்துவிட்டது. ஆகவே பல ஆண்டுகள் கழித்து வரும் எவருக்கும் இம்பிளான்டின் திருகைச் சுற்றி நிற்கப் போதிய எலும்பு இல்லாமல் இருப்பது வியப்பன்று.

சாரக்கட்டு தயாரிக்கும் விதம் இது. தாடையை ஸ்கான் செய்து, எலும்பு குறைந்துள்ள பள்ளத்தின் வடிவத்தைக் கணினியில் பிரித்தெடுத்து, அந்தப் பள்ளத்தில் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு துண்டை வடிவமைத்து, அதனை மெல்லிய படைபடையாக அச்சிடுகிறார்கள். அச்சிடும் பொருள் பெரும்பாலும் இரண்டு வகைகளில் ஒன்றாகவோ அவற்றின் கலவையாகவோ இருக்கும். ஒன்று, உடலில் கரையும் பிளாஸ்டிக். அவற்றுள் பொலிகப்ரோலக்டோன் என்பது ஏறத்தாழ 60 பாகை செல்சியசிலேயே உருகிவிடுவதால் அச்சிடுவதற்கு எளிது; ஆனால் உடலில் முழுதாகக் கரைய 2 முதல் 3 ஆண்டுகள் எடுக்கும். மற்றையது, எலும்பின் கனியுப்பை ஒத்த கல்சியம் பொஸ்பேற் வகைகள். இவற்றுள் டிரைகல்சியம் பொஸ்பேற் ஓரளவு விரைவாகக் கரையும். ஹைட்ரொக்சி அப்பற்றைட் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் 1969இல் உருவாக்கிய, எலும்புடன் தானே ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி வகையையும் சிலர் இவற்றுடன் சேர்க்கிறார்கள்.

இவற்றில் எதைத் தெரிந்தெடுத்தாலும் வெற்றி தங்கியிருப்பது துளைகளில்தான். துளை ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறிதாக இருந்தால் கலங்கள் உள்ளே புகுவதே கடினம். இரத்தக் குழாய்கள் தாராளமாக நுழைய ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. துளைகள் ஒன்றோடொன்று தொடுத்தும் இருக்க வேண்டும், ஏனெனில் முட்டுச்சந்தில் இரத்தம் ஓடாது. துளையைப் பெரிதாக்கினால் துண்டின் வலிமை குறையும். வலிமையைக் கூட்டினால் இரத்தம் போக வழி குறையும். இத்துறையின் பாதி ஆராய்ச்சி இந்த இழுபறியைப் பற்றியதுதான். இன்னொரு பொருத்தமும் தேவை: புதிய எலும்பு உருவாகும் வேகத்தோடு சாரக்கட்டு கரைய வேண்டும். முந்திக் கரைந்தால் இடம் சரிந்துவிடும். பிந்திக் கரைந்தால் எலும்பு வரவேண்டிய இடத்தை அதுவே அடைத்துக்கொண்டு நிற்கும்.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். கொழும்பின் பல் கிளினிக்குகளில் "முப்பரிமாண அச்சு" என்று சொல்லப்படுபவற்றுள் மிகப் பெரும்பான்மை, தாடையின் மாதிரி உருவமும், இம்பிளான்டைச் சரியான கோணத்தில் இறக்க உதவும் வழிகாட்டித் தகடும், தற்காலிகப் பல் உறையும்தான். இவை பயனுள்ளவையே, ஆனால் இவற்றில் எதுவும் எலும்பை வளர்ப்பதில்லை. நோயாளியின் தாடைக்கேற்ப அச்சிடப்பட்ட டைட்டேனியம் வலையும் உண்டு. அது, பள்ளத்தை நிரப்பப் பயன்படும் வழமையான எலும்புத் தூளை இடத்தில் பிடித்து வைத்திருக்கும் கூடையாகப் பயன்பட்டு, பின்னர் இரண்டாவது சத்திரசிகிச்சையில் வெளியே எடுக்கப்படுகிறது. உண்மையான அச்சிட்ட எலும்புப் பதிலீடுகளுள் சில அண்மையில்தான் உலகச் சந்தைக்கு வந்தன. பெல்ஜியத்தின் சேர்ஹம் நிறுவனம் ஹைட்ரொக்சி அப்பற்றைட்டில் அச்சிடும் 'மைபோன்' 2022இல் ஐரோப்பிய அங்கீகாரம் பெற்றது. அமெரிக்காவின் டைமன்ஷன் இன்க்ஸ் நிறுவனத்தின் 'சிஎம்ஃபிளெக்ஸ்' 2023 டிசம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது.

ஆகவே அந்தக் கிளினிக்கில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "எனக்காக அச்சிடப்படும் பொருள் எது?" என்பதாகும். அது உடலுக்குள் தங்கும் பொருள் என்றால், எத்தனை காலத்தில் கரையும், இலங்கையின் தேசிய ஔடதங்கள் ஒழுங்குமுறைப்படுத்தல் அதிகாரசபையில் பதிவு பெற்றதா, அதை மூடிய பல்முரசு திறந்துகொண்டால் என்ன செய்வார்கள் என்பவற்றையும் கேளுங்கள். என் சொந்தக் கருத்து: ஒரேயொரு பல்லின் இடத்துக்கு அச்சிட்ட சாரக்கட்டு தேவையே இல்லை. வழமையான எலும்புத் தூளும் அதை மூடும் மென்படலமும் இத்தகைய சிறு குறைகளில் நன்றாகவே வேலை செய்கின்றன. சில வேளைகளில் குட்டையான இம்பிளான்டோ, பக்கத்துப் பற்களில் தாங்கும் பாலமோ போதும்.

கேள்வி: நான் உயர்தரத்தில் உயிரியல் கற்கிறேன். எலும்புக்குச் சாரக்கட்டு அச்சிட முடிந்தால் முழுப் பல்லையே அப்படி வளர்க்க ஏன் முடியவில்லை? ஜப்பானில் பல் முளைக்கச் செய்யும் மருந்து வந்துவிட்டதாகவும் வாசித்தேன்.
– மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் இழையம். முறிந்த எலும்பு தழும்பில்லாமல் எலும்பாகவே பொருந்துவது அதனால்தான். பல் அப்படியல்ல. பல்லின் வெளிப்புறப் படையாகிய எனாமல் நிறையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனியுப்பு. அதை உண்டாக்கிய கலங்கள் பல் முளைத்து வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. உயிருள்ள பணியாளர் ஒருவரும் எஞ்சாத இடத்தில் சாரக்கட்டை வைத்து என்ன பயன்? எனாமலைப் பொறுத்தவரை செராமிக்கில் உறை செய்து மூடுவதே இன்றும் நம்மால் இயன்றது.

அதற்கு உள்ளே இருக்கும் படையாகிய டென்டினின் நிலை நம்பிக்கை தருவது. அதை உண்டாக்கும் கலங்கள் பல்லின் நடுவிலுள்ள மச்சையின் ஓரத்தில் வாழ்நாள் முழுவதும் இருக்கின்றன. அந்த மச்சையில் ஸ்டெம் செல் எனப்படும், வேறு வகைக் கலங்களாக மாற வல்ல மூலக்கலங்களும் உள்ளன என்பதை ஸ்டான் க்ரொந்தோஸ், சொங்டாவ் ஷி ஆகியோரின் குழு 2000ஆம் ஆண்டில் காட்டியது.

ஆனால் எனக்கு எப்போதும் மிகவும் வியப்பூட்டுவது வேரையும் எலும்பையும் இணைக்கும் நாண் இழையம்தான். அதன் தடிப்பு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர். அதிலுள்ள நார்கள் ஒரு முனையில் வேரின் மேற்படையிலும் மறுமுனையில் எலும்பிலும் புதைந்து, கடிக்கும் விசையைத் தாங்குவதற்கேற்ற சாய்வில் நிற்கின்றன. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டால் பல் உடனே உணர்வது இந்த இழையத்தின் உதவியால்தான். இம்பிளான்டில் இது கிடையாது. அங்கே டைட்டேனியம் நேரடியாக எலும்புடன் இறுகியிருக்கிறது. ஒரே சாரக்கட்டின் ஒரு பக்கத்தில் எலும்பும், மறு பக்கத்தில் வேரின் மேற்படையும், நடுவில் சரியான திசையில் நாரும் வளர வேண்டும் என்பதே இத்துறையில் இருப்பவர்களின் தலைவலி.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஜெரமி மாவோவின் குழு, எலியின் வெட்டும்பல் வடிவிலும் மனிதக் கடைவாய்ப்பல் வடிவிலும் பொலிகப்ரோலக்டோனையும் ஹைட்ரொக்சி அப்பற்றைட்டையும் கலந்து சாரக்கட்டு அச்சிட்டு, அதில் கலங்களை வைக்காமல், கலங்களை அழைத்துவரும் புரதங்களை மட்டும் ஏற்றி எலிகளில் பொருத்தியது. 9 வாரங்களில் எலியின் சொந்தக் கலங்கள் வந்து சேர்ந்து, தாடையில் பொருத்திய சாரக்கட்டைச் சுற்றிப் புதிய எலும்பும் நாண் இழையத்தை ஒத்த இழையமும் உருவாகியிருந்தன. 2010இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஆயினும் அது பல் அன்று. பல் வடிவில் அமைந்த ஒரு தளம்.

மனிதரில் நடந்த முதல் முயற்சியின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. முரசு நோயால் ஒரு பல்லைச் சுற்றி எலும்பு பெருமளவில் அழிந்திருந்த ஒருவருக்கு, அவரது ஸ்கானிலிருந்து வடிவமைத்து அச்சிட்ட பொலிகப்ரோலக்டோன் சாரக்கட்டு பொருத்தப்பட்டது. 2015இல் அந்த அனுபவம் வெளியிடப்பட்டது. ஓராண்டு வரை எல்லாம் சரியாக இருந்தது. 13ஆம் மாதத்தில் முரசு விலகிச் சாரக்கட்டு வாய்க்குள் தெரியத் தொடங்கவே, அதை அகற்ற வேண்டியதாயிற்று. அப்போதும் அதன் பெரும்பகுதி கரையாமல் இருந்தது. தோல்வியையும் ஒளிக்காமல் எழுதிய அந்த ஆய்வாளர்களை நான் மதிக்கிறேன். கைக்குள்ளோ காலுக்குள்ளோ வைக்கும் எலும்புத் துண்டு தோலுக்கு அடியில் மூடியே கிடக்கும். வாயில் வைப்பதோ எச்சிலுக்கும் பக்டீரியாவுக்கும் ஒரு மெல்லிய முரசின் தொலைவில்தான் இருக்கிறது. முரசின் மேற்தோல் எலும்பைவிடப் பலமடங்கு வேகமாக வளர்ந்து, கிடைத்த இடைவெளியில் முதலில் இறங்கிவிடும் தொல்லையும் உண்டு.

ஜப்பானியச் செய்தி வேறு வழியைச் சேர்ந்தது. அங்கே சாரக்கட்டே இல்லை. பல் முளை வளர்வதைத் தடுக்கும் யூஸாக்-1 என்ற புரதத்தை முடக்கும் மருந்து அது. கட்சு தக்காஹஷியின் குழு அதை உருவாக்கி, 2024இல் கியோத்தோவில் மனிதரிடம் முதற்கட்டச் சோதனையைத் தொடங்கியது. முதற்கட்டம் என்பது மருந்து பாதுகாப்பானதா என்று பார்க்கும் கட்டம். "வந்துவிட்டது" என்று எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

கேள்வி: எலும்புத் தூள் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டேன். என் மார்க்கத்தின்படி அது எனக்குச் சிக்கலானது. அச்சிட்ட சாரக்கட்டில் இந்தப் பிரச்சினை இல்லையா?
– வாசகர், மருதானை

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பெருமளவில் உண்மை. உலகெங்கும் அதிகம் பயன்படும் எலும்புத் தூள்களில் சில மாட்டெலும்பிலிருந்து புரதத்தை முற்றாக நீக்கிக் கனியுப்பை மட்டும் வைத்துச் செய்யப்படுபவை. மேலே மூடும், கொலாஜன் என்ற புரதத்தாலான மென்படலம் பல வேளைகளில் பன்றியிலிருந்து வருகிறது. முரசுச் சிகிச்சையில் பூசப்படும் எம்டோகெயின் என்ற பசையும் பன்றியின் வளரும் பல் முளைகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. சைவ உணவுக்காரரான நோயாளிகள் சிலரும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

அச்சிட்ட சாரக்கட்டுகளில் பொலிகப்ரோலக்டோனாலும் ஆய்வுகூடத்தில் தயாரித்த கல்சியம் பொஸ்பேற்றாலும் ஆனவற்றில் விலங்குப் பொருள் இல்லை. ஆனால் உயிருள்ள கலங்களையும் சேர்த்து அச்சிடும் முறைகளில் ஜெலட்டின், கொலாஜன் ஆகியவை வழக்கமாகக் கலக்கப்படுகின்றன. அவை பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வந்தவையாக இருக்கலாம். "அச்சிட்டது" என்ற ஒரே காரணத்துக்காக ஐயம் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். அச்சு முறையை நாடாமலே உங்களுக்கு வேறு வழிகளும் உண்டு: முற்றிலும் செயற்கையான தூள்களும் மென்படலங்களும் கிடைக்கின்றன. கொழும்பிலேயே, கண் தானச் சங்கத்தின் முயற்சியால் 1996இல் அமைந்த மனித இழைய வங்கி, தானமாகக் கிடைத்த மனித எலும்பைப் பதப்படுத்தி வழங்கும் பணியில் ஈடுபட்டு வந்துள்ளது. உங்கள் சொந்தத் தாடையின் பின்புறத்திலிருந்தே சிறு துண்டை எடுத்து வைப்பதும் பழைய, நம்பகமான முறை. எது மார்க்கத்துக்கு உடன்பாடானது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உங்கள் மௌலவியிடம் கேட்டுத் தெளிந்து, சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லி, அதை மருத்துவக் கோவையில் எழுதச் செய்யுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு வாய்ப் புற்றுநோய். கீழ்த் தாடையின் ஒரு பகுதியை அகற்றி, காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அதன் பிறகு கதிர்ச் சிகிச்சையும் உண்டாம். காலை வெட்டாமல் தாடையை அச்சிட்டு வைக்க முடியாதா?
– ஒரு மனைவி, மட்டக்குளி

பதில்: அம்மா, உங்கள் கணவரின் வைத்தியர்கள் சொல்வது சரியான வழி என்றே நான் நினைக்கிறேன். வெற்றிலையும் புகையிலையும் காரணமாக நம் நாட்டு ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் இருப்பதால், இத்தகைய சத்திரசிகிச்சையில் நம் நிபுணர்களுக்கு நல்ல பழக்கமும் உண்டு.

முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளில் மெல்லியதான வெளி எலும்பை, அதன் இரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்து, கழுத்திலுள்ள இரத்தக் குழாயுடன் தைத்து இணைக்கிறார்கள். தாடைக்கு இம்முறை 1989 முதல் பயன்பட்டு வருகிறது. நடப்பதற்கான பாரத்தைப் பெரிய எலும்பே சுமப்பதால், பெரும்பாலானோர் பழையபடி நடக்கிறார்கள். இம்முறையின் சிறப்பு, வைத்த அன்றே அந்த எலும்புக்குச் சொந்த இரத்த ஓட்டம் இருப்பதுதான். சாரக்கட்டின் பலவீனமும் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய் ஒன்றிலிருந்து ஒட்சிசன் 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் தூரமே எட்டும். பல சென்ரிமீற்றர் நீளமான சாரக்கட்டின் நடுப்பகுதிக்கு இரத்தக் குழாய்கள் வளர்ந்து போய்ச் சேர்வதற்குள் அங்குள்ள கலங்கள் இறந்துவிடும். கதிர்ச் சிகிச்சையோ அந்தக் குழாய்களின் வளர்ச்சியையே மந்தமாக்குகிறது. எலும்பைத் தூண்டும் பீஎம்பீ-2 என்ற புரதம் அமெரிக்காவில் 2002இல் முதுகெலும்புச் சிகிச்சைக்கும் 2007இல் தாடையின் சில சிகிச்சைகளுக்கும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் புற்றுக்கட்டி இருந்த இடத்தின் அருகே அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் அறிவுறுத்தலே சொல்கிறது.

அச்சு முறை உங்கள் கணவருக்கு வேறு விதத்தில் உதவக்கூடும். தாடையின் மாதிரியை முன்கூட்டியே அச்சிட்டு, கால் எலும்பை எந்தக் கோணத்தில் வெட்டி மடிக்க வேண்டும் என்று திட்டமிட்டு, தாங்கும் உலோகத் தகட்டையும் முன்னதாகவே வளைத்து வைத்துக்கொண்டால், சத்திரசிகிச்சை நேரம் குறையும். அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் அதற்காகச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். கதிர்ச் சிகிச்சை தொடங்கும் முன் எஞ்சிய பற்களை ஒரு பல் வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள், ஏனெனில் அதன் பின்னர் பல் கழற்றிய புண் ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

கேள்வி: விழுந்த பால் பற்களைச் சேமித்து வைத்தால் பிற்காலத்தில் பல் வளர்க்கலாம் என்கிறார்களே?
– ஒரு தாய், தெஹிவளை

பதில்: பால் பல்லின் மச்சையில் மூலக்கலங்கள் உண்டு என்பது 2003இல் கண்டறியப்பட்டது. அடிபட்டு மச்சை இறந்த முன்பல்லுக்குள் அதே பிள்ளையின் பால் பல்லிலிருந்து எடுத்த கலங்களை வைத்து மீட்ட சீன ஆய்வு 2018இல் வெளியானது. அதற்கு மேல் வாக்குறுதி தருபவர்களை நம்ப வேண்டாம். தானாக விழுந்து மேசையில் கிடந்த பல்லில் உயிருள்ள கலம் இருக்காது. என் பிள்ளைக்கு நான் பணம் கட்டிச் சேமிக்க மாட்டேன்.

கேள்வி: இந்தச் சாரக்கட்டுகளை நம் நாட்டிலேயே செய்ய முடியாதா? எப்பாவலவில் பொஸ்பேற் இருக்கிறதே.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்பலப்பிட்டி

பதில்: 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட எப்பாவலப் படிவு அப்பற்றைட் இனத்தைச் சேர்ந்ததுதான், எலும்பின் கனியுப்புக்கு அது உறவு. ஆனால் அதில் குளோரினும் புளோரினும் வேறு மாசுகளும் கலந்திருப்பதால் அரைத்து அப்படியே பயன்படுத்த முடியாது. கரைத்துச் சுத்திகரித்து மீளப் படிய வைக்க வேண்டும். நம் நாட்டு ஆய்வாளர்கள் அதைச் செய்து ஹைட்ரொக்சி அப்பற்றைட்டைப் பெற்றிருக்கிறார்கள். ஹோமாகமவின் ஸ்லின்டெக் என்ற நனோ தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும், எப்பாவலக் கல்லை எடுக்காவிட்டாலும், ஹைட்ரொக்சி அப்பற்றைட் நுண்துகள்களோடு யூரியாவைப் பிணைத்து மெல்லக் கரையும் உரம் ஒன்றை உருவாக்கி 2017இல் ஆய்வு வெளியிட்டது. ஆகவே வேதியியல் அறிவு இங்கே இல்லை என்று சொல்ல முடியாது. உரத்துக்குப் போதுமான தூய்மை தாடைக்குப் போதாது. ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில், கிருமி நீக்கப்பட்டு, விலங்கிலும் பின்னர் மனிதரிலும் சோதிக்கப்பட வேண்டும். தடையாக நிற்பது அந்தச் செலவும் பொறுமையும்தான்.

கேள்வி: வயது 64. நீரிழிவு உண்டு, எலும்புத் தேய்வுக்கும் குளிசை எடுக்கிறேன். எலும்பு வளர்க்கும் சிகிச்சை எனக்குச் சரிவருமா?
– வாசகி, கல்கிசை

பதில்: வயது தடையன்று. நீரிழிவு கட்டுப்பாட்டில் இருந்தால் அதுவும் தடையன்று. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனை 8க்கு மேல் இருந்தால், அது குறையும் வரை நான் ஒத்திவைப்பேன். நோயாளி புகைப்பது காயம் ஆறுவதைக் கெடுக்கும் என்பதால் அதையும் கேட்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த எலும்புத் தேய்வுக் குளிசைதான். அலன்ட்ரோனேட் போன்ற மருந்துகள், எலும்பு தன்னை இடித்துக் கட்டும் வேலையை மெதுவாக்குகின்றன. அவற்றை நெடுங்காலம் எடுத்த சிலருக்குத் தாடையில் செய்த சத்திரசிகிச்சைக்குப் பின் எலும்பு அழுகுவது 2003 முதல் அறியப்பட்டுள்ளது. அந்தத் தாடையில் தூள் வைத்தாலும் அச்சிட்ட சாரக்கட்டு வைத்தாலும் ஆபத்து ஒன்றே. நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். அதன் வெற்றுப் பெட்டியையும், எப்போதிருந்து எடுக்கிறீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு பல் வைத்தியரிடம் போங்கள். ஆண்டுக்கு ஒரு தடவையோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ ஊசியாக ஏற்றியிருந்தால், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.